நான் டீ குடிக்கப் போன பாட்டு

நேற்று அந்தப் புதிய பாட்டுப் படத்தைக் கிழித்து எழுதியிருந்தேன். பழைய பாட்டுப் படங்களில் பாட்டுதான் கதையை நகர்த்தும், இதில் பாட்டு வந்தாலே கதை உட்கார்ந்துவிடுகிறது என்று. நிறைய பேர் ஆமாம் போட்டீர்கள்.

இன்று காலை வெம்பக்கோட்டை பஸ்ஸில் அதையே நண்பனிடம் போனில் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஓர் அக்கா. நான் போனை வைத்ததும் கேட்டார்.

“அந்த மழைப் பாட்டுமா நல்லால்லங்கிறீக?”

அந்தப் பாட்டின்போது டீ குடிக்க வெளியே போயிருந்ததை ஒப்புக்கொண்டேன்.

அக்கா சிரித்தார். “கம்பெனிக்குள்ள செல்லு கொண்டுபோக விடமாட்டாக. நாங்களா பாடுனாத்தான் பாட்டு. பழைய பாட்டெல்லாம் மியூசிக் இல்லாமலே நிக்கும். இந்தப் படத்துல மத்தது நிக்கல, நீங்க சொன்னது சரிதான். ஆனா இது ஒண்ணு நின்னுருச்சு.”

சொல்லிவிட்டுப் பாடவே ஆரம்பித்துவிட்டார். முன்சீட்டில் இருந்த அவருடைய கூட்டாளியும் சேர்ந்துகொண்டார். ஓடிப்போன மகளை, ‘வந்துவிடு, ஒன்றும் கேட்க மாட்டேன்’ என்று தாய் அழைக்கும் பாட்டு அது.

படத்தின் இரண்டாம் பாதியில் மகள் திரும்பி வந்ததும் அந்தத் தாய் ஒன்றும் கேட்காமல் சோறு போடுவாள். ‘காரணமே இல்லாத காட்சி’ என்று நேற்று எழுதியவன் நான்தான்.

விஸ்வநத்தத்தில் பாதிச் சரணத்தோடு இறங்கிவிட்டார்கள். “மிச்சத்த நாளைக்குக் கேட்டுக்கிடுங்க” என்றார் அக்கா.

நன்றி அக்கா. நாளைக்கும் இதே பஸ்தான்.

நேற்றைய பதிவை நீக்கவில்லை. மழைப் பாட்டின்போது வெளியே போய்க் குடித்த டீ நன்றாக இருந்தது என்று ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன்.

நீங்கள் எந்தப் பாட்டுக்கு எழுந்து போனீர்கள்?