எதிர் நாற்காலியில் ஸ்டெல்லா

போன ஞாயிற்றுக்கிழமை என்னைப் படப்பைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் புதிதாக ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் - கீழே சைக்கிள் கடை, மாடியில் ஆங்கிலம். அங்கே அட்வான்ஸ்டு வகுப்புக்குப் பரீட்சை. நான்தான் எக்ஸாமினர்.

என்னைப் போய் ஏன்? வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிற ஆளுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நானும் அதைக் கெடுப்பதில்லை. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இரண்டிரண்டு பேராக எதிரும் புதிருமாக உட்காரவைத்து, ஒரு தலைப்பைக் கொடுத்துப் பேசவிட வேண்டும். அதுதான் பரீட்சை. ஒரு ஃபேக்டரி சூப்பர்வைசர் வந்தார். முப்பது வயதிருக்கும். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். விஞ்ஞானத்தின் நன்மை தீமைகள் பற்றி நாலு நிமிடம் பொழிந்தார். ஒரு தடங்கல் இல்லை, ஒரு பிழை இல்லை. எதிரே இருந்த நர்ஸ் அம்மா வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவர் பக்கம் இவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

பாதி மார்க் போட்டேன்.

மனிதர் மாடிப்படியில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். "தப்பே பண்ணலியே சார்... எங்க சார் மார்க் போச்சு?" என்றார். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

பதில் தெரியாமல் இல்லை. இருபத்தைந்து வருடமாகத் தெரியும். சொன்னால் என் மானம் போகும். அதனால்தான் இதுவரை உங்களிடம்கூடச் சொன்னதில்லை. சரி... போகட்டும், இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் ஒரகடம் போகிற வழியில் ஒரு பம்ப் ஃபேக்டரியில் கரஸ்பாண்டென்ஸ் கிளார்க். மறைமலை நகரில் அப்போதுதான் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கமெல்லாம் ஃபேக்டரி என்றால் அங்கொன்று இங்கொன்றுதான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தினமும் சைக்கிளில் வருவேன்.

வேலை என்ன? காலையில் தபால் பை வரும். பிரிப்பேன். வந்த கடிதம் ஒவ்வொன்றின் மீதும் அன்றைய தேதி முத்திரையை 'டக் டக்'கென்று குத்துவேன். பெயர் போட்டு வந்த கடிதங்களைப் பிரிக்கக் கூடாது, கவர் மேலேயே சீல். அப்புறம்தான் யாருக்கு எது என்று பார்ப்பது. கை தன்பாட்டுக்குச் செய்யும். தூக்கத்தில் எழுப்பி ஒரு கவரைக் கொடுத்தாலும் முதலில் சீலைத்தான் தேடியிருப்பேன்.

அது சம்பளத்துக்குச் செய்த வேலை. ஊரில் எனக்கு இருந்த பெயர் வேறு. லீவு லெட்டரா, லோன் அப்ளிகேஷனா, மச்சானுக்கு வேலை கேட்டு மனுவா? வரதன் சார் கிட்ட போ. லேத்தில் நிற்கிறவர் முதல் கேன்டீன்காரர் வரை எல்லாருக்கும் இங்கிலீஷ் என்றால் நான்தான். பி.ஏ. லிட்டரேச்சர் வேறு. தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா?

என் மேஜைக்கு எதிரே ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் டெலிபோன் போர்டு. அங்கே உட்கார்ந்திருந்த பெண்தான் ஸ்டெல்லா. சேரப்பணஞ்சேரிக்காரி. அப்பா லாரி ஓட்டுகிறவர். தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி., அதற்கு மேல் மூன்று மாத ஆபரேட்டர் டிரெய்னிங். அவ்வளவுதான். அவளுடைய லீவு லெட்டரையே நான்தான் எழுதிக் கொடுப்பேன்.

அந்தக் காலத்து டிரங்க் கால் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கும். பாதி காதில் விழும், பாதி விழாது. அதனால் ஆபரேட்டர்களுக்கு ஒரு வழக்கம் - கேட்ட செய்தியை அப்படியே திருப்பிச் சொல்லி, 'சரிதானே?' என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் சீட்டில் எழுதுவார்கள். பக்கத்தில் மணியைப் பார்த்து நேரமும் குறிப்பார்கள். நாள் முழுக்க ஸ்டெல்லா இதைத்தான் செய்துகொண்டிருப்பாள். கிளிப்பிள்ளை மாதிரி என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன்.

எங்கள் கம்பெனிக்கு இங்கிலாந்தில் ஒரு கூட்டாளிக் கம்பெனி. அவர்கள் ஆபீஸில் ஆறு மாதம் இருந்து, இங்கேயும் அங்கேயும் தொடர்பு பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். ஒரே ஒரு ஆள். டிகிரி கேட்கவில்லை. ஆங்கிலத்தில் அட்வான்ஸ்டு பரீட்சை வைப்பார்களாம், அதில் தேறினால் போதுமாம்.

என் பெட்டியை அன்றைக்கே மனதில் கட்டிவிட்டேன். ஸ்வெட்டர் என்ன கலர் என்பதுவரை முடிவு செய்தாகிவிட்டது. கேன்டீனில் இரண்டு பேர் எனக்குக் கைகூடக் கொடுத்துவிட்டார்கள்.

எழுத்துப் பரீட்சைக்குப் பதினோரு பேர் உட்கார்ந்தோம். இரண்டு பேர் தேறினோம். நான்... அப்புறம் ஸ்டெல்லா.

எப்படி என்று கேட்டேன். "தெரியல சார். லைன்ல இங்கிலீஷ் பேசறவங்க எழுதுனா எப்டி எழுதுவாங்கன்னு நெனச்சிக்கினு எழுதனேன்" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. சும்மா அழகுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. மோர் குடித்தும் அடங்கவில்லை.

பொறாமைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? லண்டனில் பிறந்தவன் நன்றாக இங்கிலீஷ் பேசினால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. மேனேஜர் பேசினால் பெருமையாகக்கூட இருக்கும். எதிர் மேஜைக்காரி பேசினால்தான் தாங்காது. அதுவும் நாம் லீவு லெட்டர் எழுதிக் கொடுத்த எதிர் மேஜைக்காரி!

அடுத்தது பேச்சுப் பரீட்சை. ஒரு திங்கட்கிழமை தபாலில் இரண்டு கவர்கள் வந்தன. ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. என்னுடையதைப் பிரித்தேன். ஹால் டிக்கெட். சனிக்கிழமை தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். மூன்று தலைப்புகள் கொடுத்திருந்தார்கள், அதில் ஒன்றைக் கேட்பார்களாம்.

அவளுடைய கவரை என்ன செய்தேன்?

டிராயரில் போட்டேன். கொடுக்கக் கூடாது என்றில்லை... அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம் என்று. செவ்வாய்க்கிழமை வேலை அதிகம். புதன்கிழமை அவள் போர்டில் மும்முரமாக இருந்தாள். இப்படி எனக்கு நானே மூன்று நாள் சாக்குச் சொல்லிக்கொண்டேன். இதற்கிடையில் மூன்று தலைப்புக்கும் மூன்று கட்டுரை எழுதி உருப்போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், சங்கு ஊதப்போகிற நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இப்பதாம்மா கைக்கு வந்தது" என்றேன். கவரை வாங்கி ஒரு முறை பார்த்தாள். "தேங்க்ஸ் சார்" என்றாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு காலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் அவளுக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை டியூட்டி. எங்கே படிப்பது?

சனிக்கிழமை. எக்ஸாமினர் ஒரு வெள்ளைக்கார அம்மா, மெட்ராஸில் ஏதோ காலேஜில் பாடம் நடத்துகிறவர். நாங்கள் உட்கார்ந்ததும் தலைப்பைச் சொன்னார் - கிராமத்துக்குத் தொழிற்சாலை வருவது நல்லதா?

நான் உருப்போட்டதில் மிகச் சிறந்தது அதுதான். ஆரம்பித்தேன். தொழிற்புரட்சியில் தொடங்கி, மின்சாரம், சாலை, கல்வி என்று ஆறு நிமிடம். நடுவில் ஸ்டெல்லா இரண்டு தடவை ஏதோ சொல்ல வந்தாள். கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். அவளுக்குப் பேசுவதற்கு ஒன்றுமே மிச்சம் வைக்கக் கூடாது என்பதுதான் என் திட்டம். முடித்துவிட்டு அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஸ்டெல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா போர்டில் செய்வதையேதான் செய்தாள். எளிமையான ஆங்கிலத்தில் என் பேச்சைத் திருப்பிச் சொன்னாள். "ஃபேக்டரி வந்தா ரோடு வரும், கரண்ட் வரும், ஆனா வயல் போகும் - அதுக்கு நீங்க வழி ஒண்ணும் சொல்லல. நான் சரியாப் புரிஞ்சிக்கிட்டேனா சார்?"

என் ஆறு நிமிடம் இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. போதாததற்கு அதிலிருந்த ஓட்டையும் தெரிந்துவிட்டது.

அடுத்து ஒரு கேள்வி கேட்டாள். நம் ஃபேக்டரி வந்தபோது நிலம் கொடுத்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியும். நன்றாகவே தெரியும். அதில் நாலு பேருடைய மனுவை எழுதியதே நான்தான். ஆனால் என் கட்டுரையில் அது இல்லையே! பிறகு என்ன செய்தேன் தெரியுமா? விட்ட இடத்திலிருந்து கட்டுரையின் அடுத்த பத்தியைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அப்போதும் அவள் விடவில்லை. "நீங்க எங்க ஊர் ஆளுங்களுக்கு மனு எழுதிக் குடுத்தீங்களே சார், அதச் சொல்லுங்க" என்று ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தாள். மூழ்குகிறவனுக்குக் கை கொடுக்கிறாள். பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே? மாட்டேன் என்று முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது ஒரே பஸ். நான் முன்னால் உட்கார்ந்தேன், அவள் பின்னால். படப்பை வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு காலை வேளை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன் ஒலித்தது. மெட்ராஸ் ஹெட் ஆபீஸ். ஸ்டெல்லா வழக்கம் போலத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாள். "எஸ் சார்... ஒன் கேண்டிடேட் ஒன்லி... பேரை இன்னொரு தடவ செக் பண்ணிக்கிறேன் சார். எஸ் ஃபார் சேலம், டி ஃபார் திருச்சி, ஈ ஃபார் ஈரோடு..."

என் பேனா நின்றுவிட்டது. தன் பெயரையே யாரோ மூன்றாம் மனுஷியின் பெயரைப் போல ஓர் எழுத்து விடாமல் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். 'அது நான்தான் சார்' என்று சொல்லவில்லை. குரல்கூட மாறவில்லை. சீட்டில் எழுதினாள். மணியைப் பார்த்துக் குறித்தாள்.

முதலில் மேனேஜரிடம் போவாள் என்று நினைத்தேன். நேராக என் மேஜைக்கு வந்தாள். "சார், இப்ப வந்த கால். உங்களுக்கும் சேர்த்துதான் சொன்னாங்க" என்று சீட்டைக் கொடுத்தாள். பத்து நாற்பது என்று எழுதியிருந்தது. சுவரில் மணி பார்த்தேன். பத்து நாற்பத்தொன்று.

பின்னால் தபாலில் மார்க் ஷீட் வந்தது. என்னுடையதில் அந்த அம்மா ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: 'தனியாக இருக்கும்போது மிக நன்றாகப் பேசக்கூடியவர்.' படப்பை சூப்பர்வைசர் அவர்களே, உங்கள் மார்க் எங்கே போயிற்று என்று கேட்டீர்களே... அங்கேதான் போயிற்று. என்னுடையதும் அங்கேதான் போயிற்று.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி.

அவளுடைய பயணக் காகிதங்களுக்கு ஃபைல் போடுகிற வேலையை யாரிடம் கொடுப்பார்கள்? என்னிடம்தான். ஒரு பிற்பகல் சர்ட்டிபிகேட்டுகளை எல்லாம் வரிசையாகக் கொண்டுவந்து வைத்தாள். கடைசியில் ஹால் டிக்கெட். அதோடு ஒரு கவர் குண்டூசியால் குத்தியிருந்தது.

கவர் மேல் ஊதா மையில் என் முத்திரை. திங்கட்கிழமைத் தேதி.

என் கையே குத்தியிருக்கிறது. ஒழுங்காக சீல் வைத்துவிட்டு ஒளித்து வைத்த ஒரே திருடன் இந்த உலகத்தில் நான்தான். வியாழக்கிழமை கவரைக் கையில் வாங்கிய அந்த நிமிடமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பரீட்சையில் எனக்கு எடுத்துக் கொடுத்தபோதும் தெரியும். சீட்டை நேராக என் மேஜைக்குக் கொண்டுவந்தபோதும் தெரியும்.

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஸ்டெல்லா குண்டூசியைக் கழற்றி, கவரை மட்டும் தனியாக என் பக்கம் தள்ளினாள்.

"இது ஃபைல்ல வேணாம் சார். நீங்களே கிழிச்சிடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் பக்கம் போர்டில் மணி அடித்தது. போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. அவள் விமானம் ஏறிப் போனாள், திரும்பி வந்தாள், இன்றைக்கு ஹெட் ஆபீஸில் எக்ஸ்போர்ட் பிரிவையே பார்த்துக்கொள்கிறாள். நான் வேலையை விட்டுப் பத்திரிகைக்கு எழுத வந்துவிட்டேன். இங்கே நடுவில் புகுந்து யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் பாருங்கள்... எனக்குத் தோதான இடம்.

கவரைக் கிழிக்கவில்லை. வீட்டு மேஜை டிராயரில் இருக்கிறது. இதை எழுதுவதற்கு முன்னால்கூட எடுத்துப் பார்த்தேன்.

என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசினாள், போகட்டும். நான் போக வேண்டிய சீமைக்குப் போனாள், அதுவும் போகட்டும். அதோடு விட்டிருக்கலாம் இல்லையா? நல்லவளாகவும் இருந்து தொலைத்தாளே - அந்தப் பொறாமைதான் இன்னும் எனக்கு ஆறவில்லை.