பதினொரு நொடி

என் கார் இன்ஜினின் அந்தப் பதிவு இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது. தேதி, மணி, நிமிடம், நொடி எல்லாம். போலீஸ் பிரதி எடுத்துக்கொண்டு லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். இதில் ஒரு குழந்தை வருகிறாள். அவளை வைத்துக் கதை கட்டுமளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

என் பெயர் இல்போ. லப்புவா என்ற ஊருக்குத் தெற்கே, டிராக்டர் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அந்த நவம்பரில் என் பழைய காருக்கு, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பெரிய டர்போ ஒன்று வைத்தேன். அதற்கேற்ற இன்ஜெக்டர்கள், தடித்த ஏர் ஹோஸ், இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் புது புரோகிராம். எல்லாம் என் கராஜில், என் கையால். முதல் ஓட்டத்திலேயே முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. சின்னப் பையன் மாதிரி சிரித்தேன்.

நவம்பர் 21, திங்கட்கிழமை. வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. நேரம் மாலை 3:47. எங்கள் வடகோடிக் குளிர்காலத்தில் அவ்வளவு சீக்கிரம் இருட்டிவிடும். ரெய்னோவின் பஸ் நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் இன்ஜின் திணறியது. டுப்... டுப்... டுப்... ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்திருக்கிறேன். ஆனால் வேகம் எண்பதிலிருந்து நாற்பதுக்கு இறங்கியது. நிறுத்தத்தைத் தாண்டியதும், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடியும் சீறியது.

ரெய்னோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். தனி ஆள். இருட்டுக் காலம் முழுவதும் மஞ்சள் சட்டையும் நீல டேப் சுற்றிய டார்ச்சுமாக அந்த நிறுத்தத்தில் நிற்பார். பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகளைக் கைப்பிடித்துச் சாலையைக் கடக்க வைப்பார். குளிர்க் கோட்டில், வெளிச்சம் பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டர் இல்லாத பிள்ளைக்குத் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிவிடுவார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. வேகமாக வரும் காருக்குக் கையை உயர்த்திக் காட்டுவார். பதிலுக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் போதும், அவர் முகம் மலர்ந்துவிடும். அந்த ஒரு விரலை நான் தூக்கியதே இல்லை. ஹாரன் அடிப்பேன். ஒருமுறை சேற்றுப் பனியை அவர்மேல் வாரி இறைத்துவிட்டுப் போனேன், வேண்டுமென்றே. செப்டம்பரில் இறந்துபோனார். அடக்கத்துக்கு நான் போகவில்லை. அன்று டர்போ பார்சல் வர வேண்டியிருந்தது.

மறுநாளும் அதே இடம். அதே 3:47.

ஹோஸில் கசிவு இருக்கும் என்று புகை விட்டுப் பார்த்தேன். இல்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி இடைவெளியைக் குறைத்தேன். பயனில்லை. பெட்ரோல் அழுத்தம் சரியாக இருந்தது. எங்கள் குளிரில் இன்ஜினின் மூச்சுக் குழாய் உறைந்து அடைத்துக்கொள்வது உண்டு. அதையும் கழற்றினேன். உள்ளே சுத்தமாகக் காய்ந்திருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதே நேரத்துக்கு அதே இடத்தில் ஓட்டிப் பார்த்தேன். கோளாறு வரவில்லை. திங்கட்கிழமை கோளாறு மறுபடியும் வந்தது. டிசம்பர் 6, செவ்வாய், எங்கள் நாட்டுச் சுதந்திர தினம். அன்றும் சோதனைக்காகப் போனேன். வரவில்லை. மறுநாள் வந்தது. காற்றில் ஈரம் கூடக் குறைய இருப்பதால் என்று நோட்டில் எழுதிவைத்தேன். பள்ளி விடுமுறை என்ற வார்த்தை என் மூளைக்கு எட்டவே இல்லை. நான் பார்த்ததெல்லாம் மீட்டரைத்தான்.

டிசம்பர் 9, வெள்ளி. கூட வேலை செய்யும் யார்க்கோ லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மணி என்னடா?"

"மூணு நாப்பத்தாறு."

"ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே இரு."

டுப்... டுப்...

"ஏன்டா காலை எடுத்தே?"

"எடுக்கலடா. குனிஞ்சு பாரு."

பார்த்தான். என் பூட்ஸ் தரையோடு இருந்தது. திரும்பவும் ஸ்கிரீனைப் பார்த்தான்.

"காத்து மூடி எவ்வளவு திறந்திருக்குன்னு பாரு. நூறு, நூறு, நூறு... பூஜ்யம்னு காட்டுதே."

என் கார் பழைய காலத்து ரகம். மிதிக்கும் பெடலையும் இன்ஜினில் காற்றை விடும் மூடியையும் ஓர் இரும்புக் கேபிள் நேராக இணைக்கிறது. பெடல் கீழே இருக்கும்போது அந்த மூடி சாத்திக்கொள்ள வழியே இல்லை. யாராவது இன்ஜினுக்குள் கையை விட்டு அழுத்திப் பிடித்தாலொழிய.

"எவ்வளவு நேரம் பூஜ்யம்?"

"பதினொரு நொடி." பழைய பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தான். "எல்லா நாளும் பதினொண்ணு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல." பிறகு சிரிக்க ஆரம்பித்தான். "ரெய்னோ மாமா உன்னைப் பிடிச்சுக்கிட்டாருடா! ஹாரன் அடிச்சேல்ல, அனுபவி."

"வாயை மூடு."

"ஐயோ, மூஞ்சியைப் பாரு! நாளைக்கு சானா நீராவிக் குளியல்ல எல்லார்கிட்டயும் சொல்றேன் இரு."

சொல்லிவிட்டான். திங்கட்கிழமை தொழிற்சாலையில் என் அலமாரிப் பூட்டில் யாரோ ஒரு சின்ன ரிஃப்ளெக்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது.

அன்று மாலை 3:47.

டுப்... டுப்...

பிரேக்கை மிதித்துக் காரை நிறுத்தினேன். இறங்கினேன். மைனஸ் பதினாலு. பஸ் போய்விட்டிருந்தது. நிழற்குடையில் ஒருவரும் இல்லை.

"செத்தும் விடமாட்டியா, கிழவா? போ! போய்த் தொலை!"

என் குரல் வயல்வெளியில் போய்த் திரும்பி வந்தது.

அப்போதுதான் பார்த்தேன். சாலை நடுவில் ஒரு சிறுமி.

சாம்பல் நிறக் கோட்டு. ரிஃப்ளெக்டர் இல்லை. வலது கை மட்டும் கொஞ்சம் உயர்ந்திருந்தது. விரல்கள் எதையோ பிடித்திருந்தன.

அங்கே எதுவும் இல்லை.

என்னைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்தில், மேலே அண்ணாந்து பார்த்தாள்.

அந்தக் கை... மெதுவாகக் கீழே இறங்கியது.

என் கத்தலுக்குப் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். 'ஒண்ணுமில்ல கண்ணு, பத்திரமா வீட்டுக்குப் போ' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனேன்.

டிசம்பர் 13, செவ்வாய்.

3:47.

திணறவில்லை.

சத்தம் போட்டுச் சிரித்தேன்.

நூறு. நூறு. நூறு.

எதிரே பஸ்ஸின் வெளிச்சம். அதன் பின்னாலிருந்து... சாம்பலாக ஏதோ ஒன்று.

பூஜ்யம்.

அந்தப் பூஜ்யம் மட்டும் நானே காலை எடுத்ததால் வந்தது. தாமதமாக.

குழந்தையின் பெயர் இங்கா. வயது ஒன்பது. உயிர் பிழைத்தாள். வலது காலை எடுத்துவிட்டார்கள். நீதிமன்றம் என்னை என்ன செய்தது என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் இழந்ததற்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஜெபம் வாய்க்கு வரவில்லை.

பிப்ரவரியில் அவள் அம்மா மாரித் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. காபியும் வேண்டாம் என்றாள்.

"உங்களைத் திட்ட வரல. இங்கா ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா."

"கேளுங்க" என்றேன்.

"பஸ்ஸை விட்டு இறங்கினா தினமும் ஒரு தாத்தா நிப்பாராம். மஞ்சச் சட்டை. டார்ச்சுல நீல டேப்பு. உங்க கார் மெதுவாகுற வரைக்கும் கையை விடவே மாட்டாராம். அந்தத் திங்கக்கிழமை நீங்க கத்தினதும் விட்டுட்டாராம். 'என்னைப் போகச் சொல்றாங்க கண்ணு, நான் போகணும்'னு சொன்னாராம்."



"அவரை... ரெய்னோவை உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"ரெய்னோவா? அது யாரு? எங்களுக்கு இங்க யாரையும் தெரியாதே. நாங்க இந்த ஊருக்கு வந்ததே அக்டோபர் கடைசியில."

கையுறையை மாட்டிக்கொண்டு கதவருகே போனாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மத்த பிள்ளைங்க இன்னும் அங்கதான் இறங்குதுங்க. நீங்க சொல்லித்தானே அவர் போனாரு. நீங்களே கூப்பிட்டா வருவாரான்னு கேக்கச் சொன்னா."

மறுநாள் போனேன். 3:47 வரை நின்றேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்று முறை.

பஸ் வந்தது. இரண்டு பிள்ளைகள் இறங்கினார்கள். நான் சாலையில் இறங்கி, எதிரே வந்த காருக்குக் கையை உயர்த்தினேன்.

நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனது.