நாற்பது காப்பிக் கட்டைகள்

காப்பிப் பழத்தின் தோலை உரித்துக் குவித்து வைத்தால் இரண்டாம் நாள் ஒரு புளித்த வாசனை கிளம்பும். பழைய சோற்றுக்கும் அதிகமாகப் பழுத்த பலாவுக்கும் நடுவில் நிற்கிற வாசனை அது. ஆக்லாந்தில், லின்ஃபீல்டில் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஏப்ரல் மாதம் ஃபீஜோவாப் பழங்கள் உதிர்ந்து அழுகும்போது கிட்டத்தட்ட அதே வாசனை வரும். என் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடையை எடுப்பார், நான் மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது சுமத்ராவின் வட முனையில், ஆச்சே மலைகளில், காயோ மக்கள் வாழும் ஒரு கிராமத்தில் ஒரு வருடம் இருந்தோம். அப்பா பினாங்கில் இயந்திரம் பொருத்துகிறவர். அரசுப் படைக்கும் போராளிகளுக்கும் நடந்த பல வருடச் சண்டை ஓய்ந்து, ஊரைவிட்டு ஓடியவர்கள் காடாகிப்போன தங்கள் காப்பித் தோட்டங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம், தோல் உரிக்கும் இயந்திரங்கள் துருப்பிடித்துக் கிடந்ததால் அப்பாவை அழைத்திருந்தார்கள். கீழே ஏரி, மேலே பைன் மரங்கள், நடுவில் பலகை வீடுகள். அம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "இங்க தேங்காய் எண்ணெய்கூட வெறைச்சுப் போகுதுலா, மனுஷி எப்படி இருக்கிறது" என்று தினமும் ஒரு தடவை சொல்லாவிட்டால் அவளுக்குக் காலைச் சாப்பாடு இறங்காது.

அங்கே பிள்ளை பெற்றவர்களை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூத்த பிள்ளையின் பெயரோடு சேர்த்து, தகப்பன் என்றால் "அமன்", தாய் என்றால் "இனென்". போன ஒரே வாரத்தில் அப்பா "அமன் மலர்" ஆனார், அம்மா "இனென் மலர்" ஆனாள். பினாங்கில் 'மலரம்மா' என்று கூப்பிட்டால் முகம் சுளிக்கிற அம்மா, இங்கே அந்தப் பட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். எனக்கோ ஊரே என் பெயரைச் சொல்கிறது என்று தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டில் இருந்தவர் இனென் ரஹ்மா. அவர் மகள் ரஹ்மாவுக்கு என் வயதுதான். நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம். இனென் ரஹ்மாவுக்கு அப்போது முப்பதுகூட ஆகியிருக்காது, அதாவது என் இன்றைய வயது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சண்டைக் காலத்தில் மலைக்காட்டுக்குப் போன அவர் கணவர் திரும்பி வரவில்லை. அவர் நட்டுவிட்டுப் போனது சரிவில் நாற்பது காப்பி மரங்கள். அந்த மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு: காப்பிக் கன்றை நடும்போது அதை ஒரு மணப்பெண்ணாகப் பாவித்து, காற்றுக்குக் கட்டிக்கொடுப்பதாகவும் நீரும் மண்ணும் அதற்குச் சாட்சி என்றும் சொல்லி நடுவார்கள். அந்த நாற்பதையும் அப்படிக் கட்டிக்கொடுத்தவர் அவர் கணவர்.

ஐந்தாறு வருடம் கவாத்து இல்லாமல் மரங்கள் கூரை உயரம் வளர்ந்து, காய்ப்பு நின்றுபோயிருந்தன. பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடச் சொன்னார்கள் ஊரில். இனென் ரஹ்மாவுக்கு மனம் வரவில்லை. முழங்கால் உயரத்தில் அந்த நாற்பதையும் வெட்டிவிட்டு, கட்டை துளிர்க்கும் என்று காத்திருந்தார். கடற்கரை ஊரில் மீன்கடை வைத்திருந்த அவருடைய அண்ணன், தோட்டத்தை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். கட்டை துளிர்த்தால் இங்கே இருப்பது, இல்லாவிட்டால் அண்ணன் வீட்டு அடுப்படிக்குப் போவது என்று அவர் முடிவு செய்திருந்தார். ஒருநாள் துளிர்த்தது. கட்டைக்குக் கட்டை பச்சை மொக்குகள், பிறகு விரல் நீளத் தளிர்கள். நோன்பு முடிவதற்குள் வந்து பார்க்கும்படி அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன்.

வீட்டை ஒட்டி வெட்டாமல் விட்டிருந்த வேறொரு வரிசை மரங்களில் எனக்கும் ரஹ்மாவுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அடிமரத்தில் முளைக்கிற நீர்த்தளிர்களைக் கிள்ளிப் போட வேண்டும். அவை காய்க்காது, மரத்தின் சாற்றை மட்டும் குடிக்கும். ரஹ்மாவைவிட நான் வேகம். இனென் ரஹ்மா என் விரல்களைப் பார்த்து மெச்சினார். புகழ்ச்சி தலைக்கேறினால் கேட்க வேண்டுமா? ஒருநாள் ரஹ்மா ஓதப் போயிருந்த நேரம், நான் தனியாகச் சரிவில் ஏறி, நாற்பது கட்டைகளிலும் இருந்த தளிர்களை ஒன்று விடாமல் கிள்ளி, பாவாடையில் அள்ளிக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தேன். அவர் வாசலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பாவாடையை விரித்துக் காட்டினேன்.

"மேல இருந்தா?" என்று கேட்டார்.

"ஆமா. எல்லாக் கட்டையும் முடிச்சிட்டேன்."

"ஒண்ணாவது விட்டியா?"

"ஒண்ணுகூட விடல" என்றேன் பெருமையாக.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். ஒரு தளிரை எடுத்துப் பார்த்தார். "சுத்தமாத்தான் கிள்ளியிருக்கே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஓதிவிட்டு வந்த ரஹ்மாதான் பாவாடையைப் பார்த்ததும் அழுதாள். "நாங்க இனி மீன்கடைக்குப் போகணும், உன்னாலதான்" என்றாள். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். "அரைகுறையா கத்துக்கிட்டு அடுத்தவங்க அடுப்புல தண்ணிய ஊத்திட்டியே" என்றாள். ஒரு தட்டு நிறையத் தோசையோடு என்னையும் இழுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனாள். இனென் ரஹ்மா கண்கள் வீங்கியிருக்க எங்களை உட்கார வைத்தார். "பிள்ளை மேல தப்பில்ல, இனென் மலர். நான்தான் சொல்லித் தரல. நிக்கிற மரத்துக்கு ஒரு சட்டம், வெட்டின மரத்துக்கு ஒரு சட்டம்" என்றார். நிற்கிற மரத்தில் புதிதாக வருவதையெல்லாம் கிள்ள வேண்டும், வெட்டின மரத்துக்கோ புதிதாக வருவதுதான் உயிர்.

அண்ணன் வந்தார், நாற்பது மொட்டைக் கட்டைகளைச் சுற்றிப் பார்த்தார். என் பெயர் அடிபடும் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். இனென் ரஹ்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "இன்னும் ரெண்டு மாசம் பாக்கிறேன், அண்ணா" என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு மாதமும் பள்ளிக்கூடம் போகுமுன் ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றினேன். மழைக்காலத்தில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று ரஹ்மா சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஏழாவது வாரத்தில் கட்டைகள் மறுபடி துளிர்த்தன. முப்பத்தேழு துளிர்த்தன, மூன்று பட்டுப்போயின. தளிர்கள் விரல் நீளம் வந்ததும் இனென் ரஹ்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "மலர் வரட்டும், கிள்ளுற வேலை இருக்கு" என்றார். அம்மா பதறிப்போனாள். "வேணாம்லா, இவ கைய நம்பாதீங்க" என்றாள். அவர் கேட்கவில்லை. கட்டைக்கு மூன்று நல்ல தளிரை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ள வேண்டும், எது நல்லது என்று நானே பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஒரு கட்டைக்குக் கால்மணி நேரம் எடுத்துக்கொண்டேன். இருட்டுவதற்குள் பாதிகூட முடியவில்லை, அவரும் அவசரப்படுத்தவில்லை.

போன மாதம் ரஹ்மாவுக்குப் பெண் பிறந்தது. ஏழாம் நாள் குழந்தையை வெளியே எடுத்துக் குளிப்பாட்டும் சடங்கை வீடியோ அழைப்பில் காட்டினாள். பின்னால் அதே சரிவு, தலைக்கு மேல் வளர்ந்த காப்பி மரங்கள். அப்பா பழுது பார்த்த இயந்திரம் பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். நாங்கள் இருந்த பலகை வீடும் இல்லை. 'இனென் ரஹ்மா' என்ற பெயரும் அந்த ஊரில் இல்லை. பேரப்பிள்ளை பிறந்துவிட்டால் அந்தப் பெயரும் மாறிவிடும், இப்போது அவர் 'எம்புன் ஸிதி', ஸிதியின் பாட்டி. ரஹ்மாதான் இனி 'இனென் ஸிதி'.

போன் கைமாறியது. "இனென் நிலா, சுகமா?" என்றார் அவர். என் மகள் பெயர் நிலா. அவளைப் பகலில் விடுகிற குழந்தைகள் காப்பகத்தில் என்னை 'நிலாஸ் மம்' என்று கூப்பிடும்போது வருகிற எரிச்சல், இவர் சொன்னபோது வரவில்லை. இங்கே ஆக்லாந்தின் வடக்கே, ஆல்பனியில் ஆறு வருடம் பார்த்த வேலை போய்விட்டதை அவரிடம் சொன்னேன். வேறு எதுவும் வரவில்லையா என்று கேட்டார். வந்தவற்றைச் சொன்னேன்: மூன்று மாத ஒப்பந்தம் ஒன்று, நகரின் தெற்கே ஒடாஹுஹுவில் இலங்கைத் தமிழர் ஒருவரின் கடைக்குப் பாதிநாள் கணக்குப் பார்க்கும் வேலை, சிநேகிதி ஒருத்தி சொன்ன வேறொன்று. எதுவும் பழைய வேலை மாதிரி இல்லை, எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன்.

அவர் அந்தப் பழைய குரலில் கேட்டார்:

"ஒண்ணாவது விட்டியா?"

நான் போனை வைத்தேன். நன்றாக அழுதேன், வெட்கமாகவும் இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு ஒடாஹுஹு கடைக்காரரைக் கூப்பிட்டு, அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஓம், இருக்கு பிள்ளை. திங்கள் வாங்கோ, கதைப்பம்" என்றார்.