பாலைப்பழத்துக்கு ஒரு மாமா

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் இன்று கிளிநொச்சியில் என் அரிசி ஆலைக்கு வருகிற தாய்மார், இடுப்பில் இருக்கும் பிள்ளைக்கு என்னைக் காட்டி, “அன்ரிக்கு டாட்டா காட்டுங்கோ” என்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களும் அப்படித்தான். அம்மம்மா என்று சொல்ல வாயெடுப்பவர்களை நான் ஒரு பார்வை பார்த்தால், அதுவும் அன்ரி ஆகிவிடும். ஆலையும் இரண்டு உழவு இயந்திரமும் யாரும் எனக்குத் தூக்கித் தந்தவையல்ல. நினைத்ததை விடாத குணம் சிறு வயதிலேயே என்னிடம் இருந்தது. ஒன்பது வயதில் ஒரு நாலு வயதுப் பையனுக்கு மரியாதை பழக்கியவள் நான்.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குப் பயந்து வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயற்காணி பெற்றுக் குடியேறிய ஒரு வீட்டில் அப்பாவும் அம்மாவும் வேலை செய்தார்கள். அம்மா களை பிடுங்கும்போது, வயல்காரம்மாவின் கடைசிப் பையனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

அந்த வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு யார் வந்தாலும் வயல்காரம்மா பையனுக்கு முறை சொல்லிக் கொடுப்பார். சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு புடவை விற்க வந்தவர், அதற்கு முன் அந்த ஊரையே கண்டிராதவர். “மாமா வந்திருக்கிறார் ராசா, கதிரையில இருக்கச் சொல்லுங்கோ.” பஸ்ஸைத் தவறவிட்டு வழி கேட்டு வந்த பெண்ணுக்கு, “அன்ரிக்குத் தண்ணி வேணுமாம்.” நாள் தவறாமல் வரும் என் அப்பாவுக்கு மட்டும் முறை இல்லை. “அவனைக் கூப்பிடு ராசா” என்பார். நாலு வயதுப் பையன் அப்பாவின் பெயரை மொட்டையாகச் சொல்லிக் கத்துவான். “இந்தா வந்துட்டேங்க தம்பி” என்று அப்பா சேற்றுக்காலோடு ஓடுவார்.

இதை மாற்றியே தீருவதென்று முடிவெடுத்தேன். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. இன்றைக்கும் கேட்பதில்லை.

அது பாலைப்பழக் காலம். விறகுக்குப் போன அப்பா காட்டோரத்திலிருந்து மடி நிறையக் கொண்டுவருவார். நான் அதில் ஒரு பிடியை வயல்காரம்மா வீட்டு மாமரத்தடிக்குக் கொண்டுபோனேன். அப்பாவை மாமா என்று சொன்னால் பழம், பெயரைச் சொன்னால் இல்லை. முதல் நாள் அவன் பெயரைத்தான் சொன்னான். எல்லாப் பழத்தையும் அவன் கண்முன்னாலேயே நான் தின்றேன். உதடு இரண்டும் பழத்தின் பிசுபிசுத்த பாலில் ஒட்டிக்கொண்டன. அவன் அழுதான். நான் அசையவில்லை.

ஐந்தாம் நாள் அவன் வழக்குப் பேசினான்.

“அவன் மாமா இல்ல. வேலைக்கு வாறவன்.”

“வேலைக்கு வார மாமா.”

யோசித்தான். “ரெண்டு பழம் தருவியா?”

“தாரேன்.”

அன்றோடு வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு யாழ்ப்பாணத்திலிருந்து அந்த வீட்டுக்கு உறவினர் வந்திருந்தார்கள். விறாந்தையில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, அப்பா உரமூட்டையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். பையன் என்னைப் பார்த்தான். நான் பழத்தைக் காட்டினேன்.

“மாமா வாறார்!” என்று துள்ளினான்.

வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். “ஆரடா உனக்கு மாமா?”

பையன் அப்பாவைக் கை நீட்டிக் காட்டினான். சிரிப்பு நின்றுவிட்டது. வயல்காரம்மா தேநீர்ப் பேணியைக் கீழே வைத்தார். “ஆர் இவனுக்கு இதைப் பழக்கினது?”

அப்பா மூட்டையை இறக்கினார். “புள்ள தெரியாமச் சொல்லிருச்சுங்கம்மா. தம்பி, என் பேரையே சொல்லுங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. முற்றத்து நடுவில் போய் நின்றேன். “தெரியாம இல்ல. நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஊரு பேரு தெரியாத புடவைக்காரர் மாமான்னா எங்கப்பாவும் மாமாதான்.”

அப்பாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை.

“விடு, சின்னப்பிள்ளைதானே” என்றார் வயல்காரம்மா. பிறகு, “நாளையிலிருந்து இவள் இஞ்ச வர வேண்டாம்” என்றார்.

வீட்டில் அம்மாவின் முறை. “அவங்க காணியில குடிசை போட்டுக் குந்திக்கிட்டு, அவங்க புள்ளைக்கே நீ பாடம் நடத்துறியா? நாளைக்கே எறங்குன்னா எங்கடி போவ?”

போகட்டும் என்றேன். அதற்கும் ஓர் அடி விழுந்தது.

நாலைந்து நாள் கழித்து, வாய்க்கால் கட்டுக்கு இந்தப் பக்கம் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தேன். மறுபக்கம் அப்பா, நான் இருப்பது தெரியாமல், தனியாக மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். வேலி இடுக்கு வழியாக அந்தப் பையன் வந்து நின்றான். அவன் கையில் பழமும் இல்லை, அவனுக்குப் பழம் காட்ட நானும் அங்கே இல்லை.

“மாமா” என்றான்.

அப்பா நிமிர்ந்தார். வீட்டுப் பக்கம் ஒருமுறை, வீதிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு வாய் நிறையச் சிரித்து, மெதுவாகக் கேட்டார்.

“என்னங்க மருமகனே?”

பையன் வெட்கப்பட்டு ஓடிவிட்டான். அப்பா சிரிப்பு மாறாமல், கழுவிய மண்வெட்டியையே திரும்பவும் கழுவினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு பிடித்த சொல்லை எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்று சொல்லி, வாங்கிக் கொடுத்த என்னையும் அடித்தாரே என்று, அப்பாவோடு ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், பேசாமல் இருந்தேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.