மகளின் பூட்ஸும் சம்பந்தியின் அட்டவணையும்

கப்பலூரில் என் பட்டறையில் தயாராகும் சேஃப்டி ஷூவை ஒரு தடவையாவது மாட்டாத ஆலைத் தொழிலாளி இந்த வட்டாரத்தில் குறைவு. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செல்லூர்ச் சந்துக்குள் ஒரே ஒரு தையல் மிஷினோடு ஆரம்பித்தேன். இன்றைக்கு முப்பது பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள். ஒரு ஷூவைக் கையில் தூக்கினால் எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவேன். தராசில் வைத்தால் ஐந்து பத்து முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவனின் மகள் தனக்கு ஒரு பூட்ஸ் வாங்க யோசனை கேட்டது என்னிடம் இல்லை. அவள் மாமனாரிடம்.

மகளும் மருமகனும் சுவிட்சர்லாந்தில் இருக்கிறார்கள். காலில் நீளப் பலகை மாட்டிக்கொண்டு பனியில் சறுக்குவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். மகள் பழகியிருப்பது அதில் ஒரு வகை. மேலே கொண்டுபோய் விடக் கம்பியில் ஓடும் நாற்காலியெல்லாம் இதில் கிடையாது. பலகைக்கு அடியில் வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு மூன்று நான்கு மணி நேரம் சொந்தக் காலால் ஏற வேண்டும். உச்சியில் பட்டையை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டுச் சறுக்கி இறங்க வேண்டும். ஆக ஒரே பூட்ஸ் ரெண்டு வேலை பார்க்க வேண்டும். ஏறும்போது கனம் இருக்கக் கூடாது, கணுக்கால் தாராளமாக மடங்க வேண்டும். இறங்கும்போது விறைத்து நிற்க வேண்டும், காலை முன்னால் அழுத்தினால் பலகை சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். பூட்ஸ் தொளதொளவென்று இருந்தால் கால் ஒரு பக்கம் போகும், பலகை ஒரு பக்கம் போகும்.

ரெண்டு வருசம் வாடகை பூட்ஸில் ஓட்டியவள் இந்த வருசம் சொந்தமாக வாங்கத் தீர்மானித்தாள். ரெண்டு ஜோடியைத் தேர்ந்து வைத்திருந்தாள். ஒன்று லேசானது, ஒரு கால் பூட்ஸ் ஒரு கிலோ. மற்றது விறைப்பானது, அதைவிட முந்நூற்றைம்பது கிராம் கூடுதல். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரெண்டின் படத்தையும் போட்டு, "மாமா, எது நல்லதுன்னு பாத்துச் சொல்றீங்களா?" என்று கேட்டிருந்தாள்.

கோச்சடை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன்.

"உங்க மக, மாமாட்ட பூட்ஸ் விசாரிச்சிருக்கா, பாத்தீகளா?" என்றாள் வீட்டம்மா.

"பாத்தேன்."

"நீங்க என்ன தொழில் பாக்குறீகன்னு பிள்ளைக்கு மறந்துபோச்சோ என்னமோ."

வேண்டுமென்றேதான் சொன்னாள். குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். உப்பு இருந்தது.

சம்பந்தி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எது வாங்கினாலும் கட்டம் போட்டு அட்டவணை எழுதுகிற மனுசன். பேரப்பிள்ளைக்குத் தள்ளுவண்டி வாங்கவும் அட்டவணை, பல்லுக்கு டாக்டர் பார்க்கவும் அட்டவணை. மறுநாள் காலையில் பூட்ஸுக்கும் வந்துவிட்டது. எடை, விறைப்பு, கணுக்கால் எவ்வளவு மடங்கும், எத்தனை கொக்கி என்று வரிசையாகப் போட்டு, கீழே தீர்ப்பு எழுதியிருந்தார். ஏற்றம் நான்கு மணி நேரம், இறக்கம் அரை மணி நேரம், ஆகவே எடை குறைந்ததே உசிதம். அதன் மேல்பாகத்தில் கார்பன் நார் கலந்திருப்பதால் விறைப்பும் போதுமானது.

மகள் "சூப்பர் மாமா" என்று போட்டு ரெண்டு இதயம் வைத்திருந்தாள். என் பிறந்தநாளுக்கு ஒன்றுதான் வந்தது. பழைய செய்தியைத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

ஒரு செருப்பு அறுந்தால் ஊசி பிடிக்கத் தெரியாத ஆள், பூட்ஸுக்குத் தீர்ப்பு எழுதுகிறார். என்னால் தாங்க முடியவில்லை. குரல் பதிவு அனுப்பினேன். "தாயி, கனமானத வாங்கு. கால் ஒடியிறது இறங்கும்போதுதான், ஏறும்போது இல்ல."

உடனே சம்பந்தி எழுதினார்: "சம்பந்தி சொல்வதும் சிந்திக்க வேண்டியது. அனுபவஸ்தர்." கல்யாண வீட்டில் கிழவனுக்கு மரியாதையாக நாற்காலி போட்டு ஓரத்தில் உட்கார வைப்பது மாதிரி இருந்தது எனக்கு.

மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "போட்டு நடந்து பாத்தீங்களாப்பா?"

அது என் பட்டறைச் சட்டம். புது மாடல் எதுவானாலும் ஒரு வாரம் நான் போட்டு நடக்காமல் தோல் வெட்ட விடமாட்டேன். வாங்க வருகிறவர்களிடம் நீட்டிப் பேசுவதும் கிடையாது. "நான் போட்டு நடந்துட்டேன்" என்பேன். நம்பி வாங்கிப் போவார்கள். அந்த வார்த்தையை நான் யாரிடமும் பொய்யாகச் சொன்னது இல்லை. மகள் அதைக் கேட்டு வளர்ந்தவள்.

"நாளைக்கு நடந்து பாத்துச் சொல்றேன்" என்றேன்.

பனி பூட்ஸுக்கு நான் எங்கே போவேன். எங்கள் ஷூ ஒரு ஜோடியை எடுத்து, வலது காலில் மட்டும் முந்நூற்றைம்பது கிராம் இரும்பு வாஷர் வளையங்களை டேப்பால் சுற்றினேன். பட்டறையில் என்னோடு இருபது வருசமாக இருக்கும் மேஸ்திரி பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னண்ணே, கால்ல தாயத்தா?"

"மகளுக்கு ஒரு டெஸ்ட்டு."

"ஒரு கால்ல மட்டும் கட்டியிருக்கீக?"

"ரெண்டு கால்லயும் கட்டுனா எதோட எத ஒப்பிடுறது? எட்டாப்பு படிச்சவன் கேக்குற கேள்வியா இது?"

மறுநாள் பதினொரு மணி வாக்கில் நாகமலைக்குப் போனேன். முதல் கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. சந்தோசமாக இருந்தது. அரை மணியில் வலது கால் ஒவ்வொரு எட்டுக்கும் முனக ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்தில் தொடை நடுங்கியது, இடது கால் புதுசு போல இருந்தது. பாறையில் உட்கார்ந்தேன். கீழே தென்னந்தோப்பும் பைபாஸ் லாரிகளும் தெரிந்தன. கையில் போன் டிங்கென்றது, குழுவில் சம்பந்தி. "சம்பந்தியின் முடிவுக்காகக் காத்திருக்கிறோம்" என்று எழுதியிருந்தார். காத்திருக்கிறோமாம். அவரும் என் மகளும் சேர்ந்து காத்திருக்கிறார்களாம்.

போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன். "மலை ஏறிப் பாத்துட்டேன். ஒரு வித்தியாசமும் இல்ல. கனமானதையே வாங்கு. நான் போட்டு நடந்துட்டேன்."

"அப்ப சரிப்பா. நீங்க சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல. நாளைக்குக் கடைக்குப் போறேன்" என்று பதில் வந்தது. சம்பந்தி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஜெயித்துவிட்டேன் என்று எழுந்தேன்.

இறங்கும்போது வலது கால் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. ரெண்டு இடத்தில் கையை ஊன்றினேன். ஓரிடத்தில் உட்கார்ந்தே நகர்ந்தேன். மகள் நான்கு மணி நேரம் ஏறி, உச்சியில் இப்படிப்பட்ட காலோடுதான் நிற்பாள் என்று அப்போது உறைத்தது. காலில் வலு இல்லாதபோது பூட்ஸ் எவ்வளவு விறைத்து நின்று என்ன செய்ய? கால் ஒடியிறது இறங்கும்போதுதான் என்று சொன்னவன் நான். ஒடிகிற காலை ஏறும்போதே தயார் பண்ணிக் கொடுக்கிறவனும் நானே.

மறுநாள் சனிக்கிழமை. பட்டறையில் ஷூவுக்குள் கால்விரலுக்கு மேல் வைக்கிற கவசங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்பு அதை இரும்பில் வைத்தோம். பாரம் என்று தொழிலாளிகள் சொன்னதால் ஃபைபருக்கு மாற்றியதே நான்தான். கனம் குறைவு, வலு அதேதான் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவனும் நான்தான். சம்பந்தி அட்டவணையில் கார்பன் நார் என்று எழுதியது இதே சங்கதி. என் தொழிலை அவர் வாயிலிருந்து கேட்டதால் எனக்குப் பிடிக்காமல் போயிருக்கிறது.

அங்கே கடை திறக்கிற நேரம் நமக்கு மதியம். மகளைக் கூப்பிட்டேன். டிராமில் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, நேத்து நான் சொன்னது பொய்யி."

"எதுப்பா?"

"வித்தியாசம் இல்லேன்னு சொன்னேன்ல. நெறைய இருந்துச்சு. வலது கால் இப்பவும் வலிக்குது. லேசானத வாங்கு."



"அப்ப ஏம்ப்பா அப்பிடிச் சொன்னீங்க?"

"உங்க மாமா இதச் சொல்லிட்டாருல்ல. அதான்."

அவள் சிரிக்கவில்லை. "மாமாகிட்ட ஏன் கேட்டேன் தெரியுமா? அவர்கிட்ட கேட்டா ஒரு டேபிள் வரும், பாத்துட்டு மூடிரலாம். உங்ககிட்ட கேட்டா நீங்க மலை ஏறிருவீங்க. இந்த வயசுல."

அவளே கேட்டாள். "சரி, போட்டுப் பாக்கும்போது என்ன பாக்கணும், சொல்லுங்க."

"நடக்கும்போது உள்ள குதிகாலு மேல தூக்கக் கூடாது. எம்புட்டு லேசா இருந்தாலும், எம்புட்டு விறைப்பா இருந்தாலும், குதிகாலு தூக்குனா அது உனக்கில்ல. உனக்கு என் பாதம், முன்னால அகலம், பின்னால ஒடுக்கம். மாட்டிக்கிட்டு அரை மணி நேரம் கடையிலயே நில்லு. அவசரப்படுத்துனா வேற கடைக்குப் போ."

"சரிப்பா."

லேசானதையே வாங்கினாள். முதலில் கொடுத்த அளவில் குதிகால் தூக்கியதாம், அரை அளவு குறைத்து வாங்கினாளாம். குழுவில் படம் போட்டு, "மாமா கணக்குப் போட்டார், அப்பா ஏறிப் பார்த்தார், ரெண்டு பேரும் ஒரே பூட்ஸைத்தான் சொன்னாங்க" என்று எழுதியிருந்தாள். என் பொய்யைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

சாயங்காலம் சம்பந்தி போன் பண்ணினார்.

"சம்பந்தி, முதல்ல சொன்னத நீங்களே மாத்திச் சொன்னீங்கன்னு மருமக சொன்னா. நான் அட்டவணையில ஒண்ண எழுதிட்டா அடிச்சுத் திருத்த மனசே வராது. பெரிய மனசு உங்களுக்கு."

குத்திக் காட்டுகிறாரா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். இல்லை. உள்ளபடியே சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

"ஆமா சம்பந்தி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

"யாரு?" என்றாள் வீட்டம்மா.

"சம்பந்தி. என்னையப் பாராட்டுனாரு."

"பதிலுக்கு நீங்களும் நாலு வார்த்தை பாராட்டுனீகளா? அவர் சொன்னதுதான சரியா இருந்துச்சு."

அடுத்த வாரம் பேசும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றேன். மூன்று வாரம் ஆகிறது. இன்னும் சொல்லவில்லை.