வாங்கில் இருப்பவன் கைதியில்லை

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்ப் பழைய இரும்பு வாங்கி, லிந்துலைப் பக்கத்து பஜாரில் ஒரு இரும்புக் கடையை எழுப்பினேன். இன்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் என் வாசலை மிதிக்காமல் எவனும் கூரைத் தகரம் மாற்ற முடியாது. பொலிஸ் என்னைப் பிடித்த கதைக்கு முன்னால் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்று போக இருந்தது இந்தக் கடைதான்.

சரியாகச் சொன்னால் பொலிஸ் என்னைப் பிடிக்கவில்லை. நானே நடந்து போனேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். தோட்டத்தில் யாரையாவது விசாரிக்க வேண்டுமென்றால் பொலிஸ் லயத்துக்கு ஏறி வருவது குறைவு. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவருக்கு ஃபோன் வரும். அவர் போய் ஆளைச் சட்டை மாற்றச் சொல்லி, தானே கூட்டிப்போய் ஸ்டேசனில் விடுவார். கைவிலங்கு இல்லை, ஜீப் இல்லை, அக்கம்பக்கத்தில் மானம் போகாது. எங்களுக்கு வசதி. பொலிஸுக்கு அதைவிட வசதி.

தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பித்தளைச் சாமான்கள் களவு போயிருந்தன. அகப்பட்டவன் என் கடையில் விற்றதாகச் சொல்லிவிட்டான். தோட்டத்து வீட்டில்தான் நான் இன்னும் குடியிருக்கிறேன். காலையிலேயே தலைவர் வந்து நின்றார்.

“ஒண்ணுமில்லண்ணே, சும்மா விசாரணையாம். நானே கூட்டிட்டுப் போறேன்.”

“நான் பழைய இரும்பு மட்டுந்தான் வாங்குவேன், பித்தளை வாங்குறதே இல்லைன்னு ஊருக்கே தெரியுமேப்பா.”

“அதத்தான் அங்கயும் சொல்லப்போறீங்க. வாங்க.”

என் சம்சாரம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். வந்து குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ஸ்டேசனில் சுவரோரம் ஒரு நீள மர வாங்கு. அதில் உட்காரச் சொன்னார்கள். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. ஃபோன் என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனால் எழுந்து வாசல் பக்கம் போனால் கொன்ஸ்டபிள் உட்காரச் சொல்கிறார். கழிவறைக்குப் போகவும் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. மத்தியானம் தாண்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் றொசல்லயிலிருந்து வந்தவர். முந்தின நாளும் இதே வாங்கில் இருந்துவிட்டுப் போனாராம்.

“என்னா கேசுங்க?” என்றேன்.

“அது தெரியலீங்க. வரச் சொன்னாங்க, வந்தேன்.”

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கைது செய்தால், ஒரு நாளைக்குள் நீதவான் முன்னால் நிறுத்த வேண்டும். அதை எனக்குச் சொன்னவர் என்னிடம் சீமெந்து வாங்க வந்த ஒரு சட்டத்தரணி. ஒரு தடவை காதில் விழுந்தால் எனக்குப் போதும். தானாக வந்து வாங்கில் உட்கார்ந்தவன் கைதியில்லை. அவனுக்கு நேரம் ஓடத் தொடங்குவதே இல்லை.

பொழுது சாயும்போது சார்ஜன்ட் கூப்பிட்டார். சிங்களத்தில் கேட்டார், சிங்களத்தில் சொன்னேன். என் சிங்களத்துக்குக் கினிகத்தேனைச் சிங்கள முதலாளிமாரே விலையைக் குறைத்துக் கொடுப்பார்கள். ஆனால் வாசிக்க வராது. நான் சொன்னது கொஞ்சம். அவர் எழுதியது பக்கம் நிறைந்துவிட்டது. பேனாவை என் பக்கம் நீட்டினார்.

என்னைக் கூட்டிப்போகத் திரும்பி வந்து பின்னால் நின்ற தலைவர் குனிந்து காதில் சொன்னார். “போட்டுருங்கண்ணே. போட்டா இப்பவே வீட்டுக்குப் போயிரலாம். நம்ம ஆளுங்க எல்லாரும் போடுறதுதான?”

“இதுல என்னா எழுதிருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?”

“எனக்கு எங்கண்ணே சிங்களம் வாசிக்கத் தெரியும்?”

“அப்ப வாய மூடிட்டு நில்லு.”

தோட்டத்தில் பிறந்தவன் கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடுவான். தோட்டம் கொடுக்கும் கம்பளிக்குப் போடுவான், அட்வான்ஸுக்குப் போடுவான், சங்கச் சந்தாவுக்குப் போடுவான். எதிலும் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை. நான் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, சிங்களத்தில் பணிவாகவே கேட்டேன்.

“மாத்தயா, நான் கைதா இல்லையா? இல்லைன்னா வீட்டுக்குப் போறேன். கைதுன்னா எதுக்குன்னு சொல்லுங்க, வீட்டுக்கும் சட்டத்தரணிக்கும் சொல்லணும். வாக்குமூலத்தத் தமிழ்ல எழுதுங்க, வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடுறேன்.”

சார்ஜன்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இரும்புக் கடையில சட்டமும் விக்கிறாயா?”

“விக்கிறதில்ல மாத்தயா. எனக்குன்னு கொஞ்சம் வாங்கி வச்சிருக்கேன்.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே என்னைக் கைது செய்தார்.

அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. வீட்டுக்கு ஃபோன் பண்ண விட்டார்கள்; சட்டத்தரணியிடம் சொல்லும்படி சம்சாரத்திடம் சொன்னேன். பெல்ட், ஃபோன், மோதிரம், இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் வரை கழற்றி வாங்கி எழுதிக்கொண்டார்கள். கூண்டில் சீமெந்துத் தரை. குளிர் எலும்பில் ஏறியது. சம்சாரம் சோற்றுப் பார்சல் கொண்டுவந்தாள். அவள் கண்ணெதிரிலேயே பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள்.

“கையெழுத்துப் போட்டிருந்தா விட்டிருப்பாங்களாமே. தலைவரு சொல்றாரு.”

“என்னைய விட்டிருப்பாங்க. கடைய விட்டிருக்க மாட்டாங்க.”

“அந்தக் கடைய கட்டிட்டு அழுங்க” என்றாள். ஆனால் சொன்னபடி சட்டத்தரணிக்கு ஃபோன் பண்ணியிருந்தாள்.

மறுநாள் காலை வேறொரு ஸ்டேசனிலிருந்து தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் வந்தார். என் சொல்லைத் தமிழில் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். நீதிமன்றத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள்; பொலிஸ் அடித்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன், அது உண்மைதான். பிறகு நீதிமன்றம். என் மச்சான்மார் இருவர் கையெழுத்து வைத்துப் பிணை எடுத்தார்கள்.

நீதிமன்ற வராந்தாவில் சார்ஜன்ட் என் பக்கத்தில் வந்து நின்றார். குரலில் கோபம் இல்லை. “உன் நல்லதுக்குத்தான் எழுதினேன். களவுச் சாமான் என்று தெரியாமல் வாங்கினேன் என்று. சின்ன விஷயமாக முடிந்திருக்கும்.”

“நான் வாங்கவே இல்லையே மாத்தயா.”

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அவர் மனசறிந்து கெடுதல் செய்தார் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் களவுப் பித்தளை வாங்கியதாகக் கையெழுத்திட்டவன் கடையில் அப்புறம் எவன் ஆணி வாங்குவான்? பல வழக்குத் தவணைகளுக்குப் பிறகு சாமான் வேறு இடத்தில் அகப்பட்டு, என்னை விடுவித்தார்கள். அது பின்னால் நடந்தது.

பிணை கிடைத்த அன்று நான் வீட்டுக்குப் போகவில்லை. கசங்கிய அதே சட்டையோடு நேரே பஜாருக்குப் போய்க் கடையைத் திறந்தேன். ஊர் பார்க்கட்டும் என்றுதான். முதலில் படியேறியவர் தலைவர்.

“குளிச்சிட்டு வந்திருக்கலாமேண்ணே.”

“ஒனக்கு என்னா வேணும்?”

“கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்.”

எடுத்துக் கொடுத்தேன். வழக்கமாக அவருக்குக் குறைத்துக் கொடுப்பேன். அன்று குறைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.