இறக்கியும் நிற்காத கிரைண்டர்

மலரின் கை மடங்காமற் போனது என்னால்தான். மூன்று வருடமாக என் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... ஏன் உங்களிடம் என்று கேட்டால் அதுவும் எனக்குத் தெரியாது!

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு. குசினியில் தோசைமா அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த மலர் என்னோடு தங்கி வேலை செய்தாள். இருபத்தாறு வயது. வாய் ஓயாது அவளுக்கு.

அந்த மழைக்காலத்தில் கிரைண்டரைப் போட்டால் போதும், ட்ரிப் சுவிட்ச் விழும். தூக்கிவிட்டால் மறுபடி விழும். உழுந்து பாதி அரைபட்டு நிற்க, கடைக்காரர் போனில் கத்துவார். எனக்கு விசர் பிடித்தது!

கிருலப்பனையிலிருந்து மின்வேலை செய்யும் பாஸ் ஒருவரைக் கூப்பிட்டேன். கிரைண்டரின் இரும்பு உடம்புக்குக் கரண்ட் கசிகிறது, அது தெரிந்துதான் சுவிட்ச் விழுகிறது, கிரைண்டரைத் திருத்துங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். திருத்தக் கொடுத்தால் ஒரு கிழமை போய்விடும். ஓர்டர்களை யார் பார்ப்பது? சுவிட்சை விலக்கி, நேரே வயரைக் கொடுக்கச் சொன்னேன்... சொன்னேனா, அல்லது அவரே கேட்டாரா? சில நாள் அந்தப் பேச்சு அவர் குரலில் கேட்கிறது, சில நாள் என் குரலில். இரண்டே நாளைக்கு என்று பேசிக்கொண்டோம். நான்கு மாதம் அப்படியே கிடந்தது.

மலர் சொன்னாள். ஒரு தடவையல்ல.

"அக்கா, கிரைண்டரத் தொட்டா சுள்ளுன்னு இழுக்குதுக்கா."

"ஈரக் கையால பிடிச்சா அப்பிடித்தான். துடைச்சுப்போட்டுப் பிடி."

"ரப்பர் செருப்பாச்சும் போட்டுக்கிறேனே?"

"சாமித்தட்டு இருக்கிற குசினிக்குள்ள செருப்போ? நல்லாயிருக்கு!"

அன்று காலை பத்து மணியிருக்கும். தரையெல்லாம் உழுந்து கழுவிய தண்ணீர். ஏதோ கதைத்துக்கொண்டே கிரைண்டரின் விளிம்பைப் பிடித்தவள் பாதியில் நிறுத்தினாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கூப்பிட்டேன், திரும்பவில்லை. என்ன விளையாட்டு இது என்று எனக்குக் கோபம் வந்தது... கோபம்! கரண்ட் பாய்ந்தால் தசை இறுகி விரல்கள் தாமாகவே இன்னும் இறுக்கிப் பிடிக்கும், விடு என்று மனம் கத்தினாலும் கை கேளாது என்பதெல்லாம் பிறகு டொக்டர் சொல்லித்தான் தெரியும்.

கரண்ட் பிடித்திருக்கிறது என்று விளங்கியதும் மீட்டர்ப் பெட்டிக்கு ஓடி, பழக்கத்தில் ட்ரிப் சுவிட்சை இறக்கினேன். கிரைண்டர் ஓடியது. ஏற்றி மறுபடி இறக்கினேன். ஓடியது! அந்தச் சுவிட்ச் ஒன்றுக்கும் உதவாது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டுந்தான் தெரியும். எனக்கே மறந்துபோயிற்று. அதற்குப் பிறகுதான் மெயின் சுவிட்சில் கை போனது. மூன்று விநாடியா? பத்தா? ஒவ்வொரு தடவை எண்ணும்போதும் வேறு வேறு வருகிறது.

உள்ளங்கையில் வெள்ளையாய் ஒரு சின்னப் புண். குதிக்காலில் இன்னொன்று. இவ்வளவுதானா என்று ஆறுதல்பட்டேன், மடைச்சி! கையால் புகுந்து காலால் வெளியேறியிருக்கிறது, வெளியே பொட்டளவு, உள்ளே தசையும் நரம்பும் வெந்திருக்கின்றன என்றார் டொக்டர். இதயத்துடிப்பு பிசகுகிறதா என்று நெஞ்சில் வயர்களை ஒட்டி இரண்டு நாள் பார்த்தார்கள்.

"வீட்டில ட்ரிப் சுவிட்ச் இல்லையோ?" என்று கேட்டார்.

"இருக்கு டொக்டர்."

பொய்யா அது? சுவரில் இருந்ததே! வேலை செய்ய விட்டிருந்தால் கண் இமைக்குமுன் கரண்டை அறுத்திருக்கும். ஒரு சுள்ளாப்போடு போயிருக்கும். அல்லது... அறுத்திராதோ? பழைய சுவிட்ச், உப்புக்காற்று... பார்த்தீர்களா, இப்போதும் நழுவப் பார்க்கிறேன். எனக்கே என்னை நம்ப முடியவில்லை.

வேறொரு பாஸைக் கொண்டு வயரைச் சரிசெய்தேன். கிரைண்டரைப் பழைய இரும்புக்குப் போட்டேன். மெயினை இறக்கி ஒரு உயிரைக் காப்பாற்றினவள் என்று ஒழுங்கை முழுக்கப் பேச்சு. நான் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு தோட்டத்துக்கே திரும்பிப் போயிருந்த மலர், போன மாதம் மலையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். வலது கையில் மூன்று விரல்கள் நிமிர்ந்தபடியே நிற்கின்றன. கொழுந்து பறிக்க ஏலாது, ஊசி பிடிக்க ஏலாது. தேயிலைப் பைக்கற்றை இடது கையால் நீட்டிவிட்டு, "தப்பா நெனைக்காதீங்கக்கா" என்றாள்.

தேத்தண்ணி குடித்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"மூனு வருசமா மனசு கேக்கலக்கா. எத்தன தடவ சொன்னீங்க, கையத் தொடச்சிட்டுப் புடின்னு... நாந்தான் கேக்கல. ஆஸ்பத்திரி அது இதுன்னு ஒங்கள அலைய வச்சிட்டேன். என்னைய மன்னிச்சிருங்கக்கா."

வாய் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்! முதற் சொல் எதுவென்று தெரியவில்லை... வயரா, செருப்பா, டொக்டரிடம் சொன்னதா?

"பரவாயில்லை மலர்" என்றேன். "நான் அதை அப்பவே மறந்திட்டன்."

அவள் முகம் தெளிந்துவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று எழுந்தாள். என்னிடம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு, சந்தோஷமாகப் போனாள்.